ஹீற்றர் மாற்றுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

திருவெம்பாவை நாட்களில் ஒரு விடியற்காலை. யாழ்ப்பாணத்தில், சங்கும் சேமக்கலமுமாக எங்கள் ஒழுங்கையால் ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தபோது வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன். மறுபடியும் விழுந்தது. குளியலறைக்குள் போய்ப் பார்த்தால், அம்மாவுக்காகப் பூட்டியிருந்த 30 லீற்றர் சுடுதண்ணீர் ஹீற்றரின் அடியிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வருடம்தான் உழைத்திருக்கிறது.

அன்று பின்னேரம் அதைக் கழற்றி முற்றத்தில் வைத்துத் திறந்தோம். தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ற் இருந்த இடத்தில் உலோகமே தெரியவில்லை. பல்லில் காவி படிந்ததுபோல் அதைச் சுற்றிச் சுண்ணாம்பு உறைந்திருந்தது. தொட்டியின் அடியில் கிடந்த செதில்களைச் சுளகில் கொட்டினோம். முட்டைக்கோது போன்ற வெள்ளைச் செதில்கள், மூன்று சுண்டுக்குக் குறையாது. தொட்டி துருப்பிடிக்காமல் தனக்குப் பதிலாகக் கரைவதற்கென்று உள்ளே ஒரு மக்னீசியக் கோல் வைத்திருப்பார்கள். அந்தக் கோல் முழுவதும் கரைந்து, நடுவிலிருந்த கம்பி மட்டும் மீன்முள் மாதிரி மிஞ்சியிருந்தது. கோலை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும் என்று ஹீற்றருடன் வந்த புத்தகத்தில் எழுதியிருந்ததாம். அந்தப் புத்தகத்தை நாங்கள் திறந்ததே அன்றைக்குத்தான்.

இரவு ரொறன்ரோவிலிருந்து அண்ணா எடுத்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "புதியதைப் பூட்டுவதற்குப் பேமிற் எடுத்துவிட்டாயா?"

ஹீற்றர் பூட்டுவதற்கு அனுமதிப் பத்திரமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் வந்த எலெக்ட்ரீசியனிடம் அதைச் சொன்னேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த பையன். அவனும் சிரித்தான். "ரீச்சர், பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதற்கு இங்கே யார் பேமிற் கேட்கப்போகிறார்கள்?"

ஆனால் சுளகில் கிடந்த சுண்ணாம்பைப் பார்க்கப் பார்க்க, அண்ணா கேட்டதில் தவறில்லை என்று பட்டது. அனுமதி கேட்கும் ஊர்களில் பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவர் வருகிறார். இங்கே யாரும் வருவதில்லை. ஆகவே எதை வாங்குவது என்று யோசிக்கும்போதே, அதை யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் கீழே உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் வெளிநாட்டுக் கதை, ஏனென்றால் எங்கள் வீடுகளில் பாதி முடிவுகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஒன்ராறியோவில் காஸில் ஓடும் ஹீற்றரை நினைத்தவர் தொட முடியாது. அதற்கென்று சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளர் வேண்டும். மின்சார ஹீற்றர் என்றால், வேலையைப் பற்றி மாகாண மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பல வீடுகளில் ஹீற்றர் சொந்தமில்லை, மாத வாடகைக்கு இருக்கிறது. அண்ணா வீட்டிலும் அப்படித்தான். பழுதானால் ஒரு தொலைபேசி அழைப்பு, ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவார். பேமிற் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் வாழ்நாளில் ஒரு பேமிற்றும் எடுத்ததில்லை. இந்த வாடகை வியாபாரத்தில் கதவைத் தட்டி ஏமாற்றியவர்கள் பெருகியதால், அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஹீற்றர் விற்பதையே ஒன்ராறியோ அரசு 2018 மார்ச்சில் தடை செய்தது.

லண்டனில் அக்கா வீட்டில் வேறு முறை. காஸ் பொயிலரைத் தொடுபவர் காஸ் பாதுகாப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 15 லீற்றருக்கு மேற்பட்ட, குழாய் அழுத்தத்திலேயே மூடி நிற்கும் சுடுதண்ணீர்த் தொட்டி என்றால் இங்கிலாந்தின் கட்டட விதிகளில் ஜி-3 என்ற பகுதி குறுக்கே வரும். வேலை முடிந்தபின் ஒரு சான்றிதழ் தபாலில் வந்து சேரும். அதைப் பத்திரப்படுத்தாவிட்டால் வீட்டை விற்கும் நாளில் சட்டத்தரணி கேட்பார், வீட்டுக்காரர் அலுமாரியெல்லாம் கிளறுவார். கலிபோர்னியாவில் இருக்கும் பெரியம்மாவின் மகனுக்கோ நகரசபை அனுமதி, பரிசோதகர் வருகை எல்லாம் போதாதென்று, நிலநடுக்கத்தில் சாயாமல் தொட்டியைச் சுவரோடு பட்டி போட்டுக் கட்ட வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இருந்த இடத்தில், இருந்த அளவிலேயே இன்னொரு ஹீற்றர் பூட்டுவதற்கு மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ போக வேண்டியதில்லை. மின்சார சபையிடமும் போக வேண்டியதில்லை. மீற்றர் வரைக்கும்தான் அவர்களுடைய பொறுப்பு. அதற்கு இப்பால் உள்ள வயரிங் வீட்டுக்காரருடையது. புது இணைப்பு எடுக்கும்போது மட்டும் வயரிங்கைச் சோதித்த அறிக்கை கேட்பார்கள். அதன்பின் முப்பது வருடம் நீங்கள் சுவருக்குள் என்ன செய்தாலும் பார்க்க ஆள் கிடையாது.

அப்படியானால் கடதாசி வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது ஹீற்றரோடு ஒட்டி வருவதில்லை. ஹீற்றர் எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து வருகிறது.

மீற்றரைத் தொட்டால் வரும். இங்கே வீட்டு இணைப்புகள் ஒற்றைக் கட்டத்தில் 15 அம்பியர் அல்லது 30 அம்பியர். அதற்கு மேல் மூன்று கட்ட இணைப்பு. 230 வோல்ற்றில் 15 அம்பியர் என்றால் மொத்தமாக 3.45 கிலோவாட். 3.5 கிலோவாட் ஷவர் ஹீற்றர் ஒன்று தனியாகவே அந்த அளவைத் தாண்டிவிடும். கிணற்று மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் 15 அம்பியர்தான் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் மீற்றர் பெட்டியைத் திறந்து பாருங்கள். 30க்கு ஏற்ற வேண்டுமானால் உங்கள் பகுதி மின்சார சபை அலுவலகத்தில் விண்ணப்பம், அவர்கள் தரும் மதிப்பீடு, பணம் கட்டல், காத்திருப்பு எல்லாம் உண்டு. இதுதான் எங்கள் ஊரின் உண்மையான பேமிற்.

கூரையைத் தொட்டாலும் வரலாம். இருக்கும் கொங்கிரீட் கூரையில் சூரிய ஹீற்றர் வைத்தால் பேச்சில்லை. அதற்காகப் புதிதாகத் தூண் எழுப்பி மேடை கட்டினாலோ குளியலறை ஒன்றை இழுத்துக் கட்டினாலோ அது கட்டட வேலை. சபையின் அனுமதி பெற்ற வரைபடம் வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு சொல் வாங்குவது நல்லது. சுவரில் துளை போட்டபின் மனஸ்தாபப்படுவதைவிட அது சுகம்.

இனி வழிகளுக்கு வருகிறேன். எங்கள் வீடு கோண்டாவில் பக்கம். 30 அம்பியர் ஒற்றைக் கட்டம், கிணற்றுத் தண்ணீர், பாதி ஓடு பாதி கொங்கிரீட். முழங்கால் வலியுள்ள அம்மா, நான், என் மகள், மூன்று பேர். உங்கள் வீடு வேறு என்றால் முடிவும் வேறாகலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது தண்ணீர்தான். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கிக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. குளிர்ந்த தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது, சூடாக்கினால் வெளியே வந்துவிடும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. ஹீற்றரும் ஒரு கேத்தல்தான், ஆனால் மூடியைத் திறந்து புளி போட்டுத் தேய்க்க முடியாத கேத்தல். சூடு கூடக்கூடப் படிவும் கூடும். கடலோரக் கிணறுகளில் உப்பு வேறு சேர்கிறது. சாதாரணத் துருப்பிடிக்கா உருக்கையே அந்த உப்பு ஊசித் துளைகளாகத் தின்றுவிடும். "உள்ளே முழுவதும் ஸ்டெயின்லெஸ்" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உவர்க் கிணற்று வீடுகளுக்கு உள்ளே எனாமல் பூசி, மக்னீசியக் கோல் வைத்த தொட்டிதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம், கோலை மாற்றுவீர்களானால். 2024இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டதென்றால் யோகம்தான். உப்பு நீக்கிய தண்ணீரில் கிணற்றுச் சுண்ணாம்பு இருக்காது. தோட்டத்துக்குக் கிணறும் ஹீற்றருக்குக் குழாயுமாகப் பிரித்துக் கொடுங்கள்.

பழையபடி தொட்டி ஹீற்றரே வாங்கலாம். இதற்குச் சுவரில் ஆணி, குழாய், வயர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. 2 கிலோவாட் எலிமென்ற் 30 லீற்றரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 35 நிமிடம், 1.15 அலகு மின்சாரம். அந்த 60 பாகைத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 பாகையில் 76 லீற்றர் கிடைக்கும். பதினைந்து லீற்றர் வாளியில் ஐந்து வாளி. மூன்று பேருக்குத் தாராளம். வாளியில் கலந்து அள்ளிக் குளிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இதைப்போல வசதி வேறில்லை.

இதிலுள்ள சிக்கல் வேறு. தேர்மோஸ்டாட்டை 60க்கு வைத்தால் சுண்ணாம்பு படியும், கவனமில்லாமல் குழாயைத் திறந்தால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். சரி, 45இல் வைப்போம் என்றால், வெதுவெதுப்பாக நாட்கணக்கில் நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி பெருகும். ஆக, 60இல் காய்ச்சிக் கலந்து குளிப்பதும், வருடம் ஒருமுறை தொட்டியைத் திறந்து கழுவிக் கோலைப் பார்ப்பதும்தான் முறை. இன்னொன்று, தண்ணீர் உள்ளே வரும் வழியில் சிறிய பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் திறந்து விடுவதற்கான பாதுகாப்பு வால்வு. அது சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்து வைத்த வீட்டை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூடாகும்போது தண்ணீர் விரியும். அந்த வால்வு கொஞ்சம் சொட்டுவது அதன் தொழில். அடைத்தால் தொட்டி வெடிகுண்டுபோல வெடிக்கலாம். கலிபோர்னியாவில் பரிசோதகர் வந்து முதலில் பார்ப்பவற்றில் இந்த வால்வும் ஒன்று. இங்கே அதைப் பார்ப்பவர், சொட்டுகிறதே என்று எரிச்சல்பட்டுத் துணி சுற்றுபவர்தான்.

அடுத்தது உடனடி ஷவர் ஹீற்றர். தொட்டி இல்லை, ஓடும்போதே சுடும். 3.5 கிலோவாட் ஒன்று நிமிடத்துக்கு 3.6 லீற்றர் தண்ணீரை 14 பாகை உயர்த்தும். 27இலிருந்து 41. யாழ்ப்பாணத்துக்கு அது போதும். நுவரெலியாவில் அதே பெட்டி வெறும் வெதுவெதுப்புத்தான் தரும். ஆறு நிமிடக் குளியலுக்கு 0.35 அலகு, மூன்று பேருக்கு 1.05. தொட்டிக்கு 1.15. பார்த்தீர்களா, கிட்டத்தட்ட ஒரே கணக்கு. "உடனடி ஹீற்றர் மின்சாரத்தைக் குடிக்கும்", "இல்லை, தொட்டிதான் குடிக்கும்" என்று சண்டை பிடிப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தண்ணீரைச் சூடாக்க வேண்டிய சக்தி ஒன்றுதான். வித்தியாசம் மறதியில் இருக்கிறது. தொட்டி ஹீற்றரைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டால் அது நாள் முழுவதும் ஆறுவதும் காய்வதுமாக இருக்கும். உடனடி ஹீற்றரை மறக்கவே முடியாது, தண்ணீரை மூடினால் அதுவும் நின்றுவிடும்.

மறதி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 அலகு வரை ஒரு படி, பிறகு 90, 120, 180 என்று படிகள். அலகின் விலையோடு நிலையான கட்டணமும் படிக்குப் படி கூடும். எங்கள் வீடு மாதம் 85 அலகில் ஓடுகிறது. ஹீற்றர் 32 அலகு சேர்த்தால் 117. ஒரு படி ஏறினாலும் அந்தப் படிக்குள் நிற்கலாம். மறதி கொஞ்சம் சேர்ந்தால் 120ஐத் தாண்டி அடுத்த படி. மின் பட்டியலைப் பார்க்கும்போது வரும் சூடு எந்த ஹீற்றராலும் தர முடியாதது.

உடனடி ஹீற்றரின் பலவீனங்கள் வயரும் அழுத்தமும். 3.5 கிலோவாட் என்றால் 15 அம்பியர் இடைவிடாமல் ஓடும். சாதாரண 13 அம்பியர்ச் செருகியில் இதைக் கொடுக்கவே கூடாது. செருகி உருகும். பிரதான பெட்டியிலிருந்து வேறெதற்கும் கிளை விடாத தனி வயர் வேண்டும், தனி பிரேக்கர் வேண்டும். 7/0.67 வயர் என்பது 2.5 சதுர மில்லிமீற்றர், கணக்குக்குச் சரிவரும். ஆனால் எங்கள் வீட்டில் பெட்டியிலிருந்து குளியலறைக்குத் தூரம் அதிகம், கூரைக்கடியில் வெக்கை வேறு. அதனால் நான் 7/0.85 கேட்டேன், 4 சதுர மில்லிமீற்றர். விலை வித்தியாசம் ஒரு நாள் மீன் செலவுதான். அழுத்தத்துக்கு வருவோம். தண்ணீர்த் தாங்கி ஷவருக்கு மேல் மூன்று மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் பல ஹீற்றர்கள் வேலை தொடங்கும். ஒற்றை மாடி வீட்டில் தாங்கி அவ்வளவு உயரத்தில் இருப்பது அரிது. சிறிய பம்ப் உள்ளே வைத்து வரும் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு கண்டுபிடித்தால் தலையில் மழைத்தூறல்தான் விழும்.

இரண்டு வகைக்கும் பொதுவானவை எர்த்தும் ட்ரிப் சுவிட்சும். 30 மில்லி அம்பியர் மின்கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் எந்த ஹீற்றரும் வேண்டாம். சுண்ணாம்புக் கல் மேலேயே தட்டுப்படும் இடங்களில் எர்த் கம்பி ஆழத்துக்கு இறங்காது. பாதியில் வெட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடும் பழக்கமும் உண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். ட்ரிப் சுவிட்சில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். எங்கள் வீட்டில் அன்று விழுந்ததால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சூரிய ஹீற்றர்தான் எல்லோருக்கும் கனவு. அண்ணாவுக்கும் அதுதான் விருப்பம், "வெயில் சும்மா கொட்டுகிறதே" என்கிறார். கொட்டுகிறது, உண்மை. பங்குனி சித்திரையில் நண்பகல் குழாயைத் திறந்தால், கூரையில் இருக்கும் கறுப்புத் தாங்கியிலிருந்தே கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வருகிறது. அப்போது சுடுதண்ணீர் யாருக்கு வேண்டும்? வேண்டியது கார்த்திகை மார்கழியில். அப்போதுதான் வடகீழ்ப் பருவக்காற்று மழை, நாட்கணக்கில் மூடிய வானம். அதனால் சூரிய ஹீற்றர்களில் மின் எலிமென்ற் ஒன்றையும் துணைக்கு வைத்து விற்கிறார்கள். ஆக, வயரும் பிரேக்கரும் கூரை வரைக்கும் போயே தீர வேண்டும். கோடையிலோ, பாவிப்பாரின்றித் தண்ணீர் கொதித்துக் கொதித்து, வெற்றிடக் குழாய் வகையில் குழாய்களுக்குள் சுண்ணாம்பு குவியும். மெல்லிய செப்புக் குழாய்கள் ஓடும் தட்டை வகையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நேராக விட்டால் அடைத்துக்கொள்ளும். சூட்டைக் கடத்துவதற்கு வேறு திரவம் தனியாகச் சுற்றிவரும் வகையைத்தான் கேட்க வேண்டும்.

வைப்பதானால் தெற்குப் பார்த்து வையுங்கள். யாழ்ப்பாணம் 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை நடுவில் சூரியன் உச்சந்தலைக்கு வந்தாலும் மார்கழியில் தெற்கே சரிந்து நிற்கிறது. தட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சரித்தால், தேவைப்படும் மாதத்து வெயில் நேராக விழும். பாரத்தையும் எண்ணுங்கள். 200 லீற்றர்த் தொட்டியில் தண்ணீர் மட்டும் 200 கிலோ. பனைக் கைமரமும் சிலாகையும் போட்ட ஓட்டுக் கூரை அதற்குக் கட்டப்பட்டதல்ல. பனை பலமானதுதான், ஆனால் எழுபது வருடத்துக்கு முன் ஓட்டுப் பாரத்தைக் கணக்கிட்டு ஏற்றிய கைமரம் அது.

அனுமதி விஷயத்தில் பலர் குழம்பும் இடமும் இதுதான். மின்சாரம் தரும் சூரியத் தகடு வேறு, தண்ணீர் சுடவைக்கும் சூரிய ஹீற்றர் வேறு. தகட்டை மின்வலையோடு இணைத்து மிகுதியை விற்பதானால் மின்சார சபையில் விண்ணப்பம், அனுமதி, மீற்றர் மாற்றம் எல்லாம் உண்டு. ஹீற்றர் மின்வலைக்கு மின்சாரம் கொடுப்பதில்லை, ஆகவே அந்த வழி எதுவும் இதற்கில்லை. "சோலர் என்றால் மின்சார சபைக்காரர் வர வேண்டுமே" என்று பயந்து கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். "சோலர்தானே, யாரையும் கேட்க வேண்டாம்" என்று நினைத்துத் தகடு பூட்டியவர்களும் இருக்கிறார்கள். வருடம் முழுவதும் விருந்தினர் வந்துபோகும் விடுதி வீட்டுக்குச் சூரிய ஹீற்றர் நல்ல முடிவு. எங்களைப்போல மூன்று மாதம் குளிர்கிறதென்று முனகும் மூன்று பேருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது.

காஸ் ஹீற்றரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் நூற்றுக்கணக்கான வாளி சுடலாம், கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய குளியலறைக்குள் எரியும் காஸ் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். அக்கா ஊரில் பதிவேட்டில் பெயரில்லாதவர் தொட முடியாத சாமானை, இங்கே ஒரு குழாயும் கிளிப்பும் கொண்டு யாரும் பூட்டிவிடலாம். வெளிச்சுவரில், கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே, திறந்த காற்றில் என்றால் சரி. உள்ளே என்றால் வேண்டவே வேண்டாம். 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற கால்வலியும் எனக்கு இன்னும் போகவில்லை.

மிச்சமிருப்பது அம்மாவின் யோசனை: "கிடாரத்தில் காய்ச்சினால் என்ன? தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல் இருந்தோமே, குளிக்காமலா இருந்தோம்?" உண்மைதான். எரிப்பதற்குக் கங்குமட்டையும் பன்னாடையும் பொச்சுமட்டையும் வளவில் கிடக்கின்றன. இன்று விறகடுப்பு இல்லாத வீடுகளுக்கு மின்சாரக் கேத்தல் இருக்கிறது. 1.7 லீற்றர்க் கேத்தலை இரண்டு முறை கொதிக்கவைத்துப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் ஒரு வாளி குளியல். வாடகை அறையில் இருப்பவருக்கு இதைவிட மலிவில்லை. ஆனால் கொதிக்கும் கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, அம்மா அதைச் செய்வதை நான் விரும்பவில்லை.

கடைசியில் பம்ப் வைத்த 3.5 கிலோவாட் உடனடி ஹீற்றரையே தேர்ந்தேன். தொட்டி ஹீற்றர் நல்லதுதான், ஆனால் அதை வருடா வருடம் திறந்து கழுவுகிற வீடு எங்களுடையதல்ல. அதற்குச் சாட்சி சுளகில் கிடந்தது. உடனடி ஹீற்றரிலும் சுண்ணாம்பு படியும். ஆனால் அது முதலில் ஷவர் தலையை அடைத்துக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லிவிடும். தலையைக் கழற்றித் தேசிக்காய்ப் புளியில் ஊறவைக்க என்னால் முடியும்.

பூட்டுபவரிடம் என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். என் மாணவன்தான், இருந்தாலும் கேட்டேன். தொலைபேசியில் படமாக வைத்திருந்தான், காட்டினான். கொஞ்சம் மனத்தாங்கல்தான், முகத்தில் தெரிந்தது. வேலை அரை நாளில் முடிந்தது. இரண்டு கம்பியையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டைத் துருவச் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன், வைத்தான். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்தினோம், விழுந்தது.

அண்ணா முந்தின இரவும் எடுத்து, "பேமிற்றைப் படம் எடுத்து அனுப்பு" என்று கேலியாகச் சொல்லியிருந்தார். அதனால் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நானே ஒன்று எழுதினேன். திகதி, ஹீற்றரின் கிலோவாட், வயரின் அளவு, பிரேக்கரின் அம்பியர், எர்த் எங்கே இறங்குகிறது, ட்ரிப் சோதித்தது. கடைசியில் ஒரு கோடு போட்டு, வேலை செய்தவர் கையெழுத்து என்று எழுதி அவனிடம் நீட்டினேன்.

பேனையை வாங்கியவன் தாளை ஒருமுறை மேலிருந்து கீழாக வாசித்தான். "கொஞ்சம் பொறுங்கள் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, கட்டி வைத்திருந்த பையை மறுபடியும் அவிழ்த்துத் திருகாணிச் சாவியை எடுத்தான். வாங்கில் ஏறி, ஹீற்றரின் மூடியைக் கழற்றி, எர்த் கம்பியின் திருகாணியை இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். பிறகு இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான்.